சிட்னியின் மேற்குப் புறநகரில் நாயோடு உட்காரக் கஃபே தேடும் முறை

கேள்வி இதுதான்: ஸ்கோஃபீல்ட்ஸில் புதுவீடு, வீட்டில் 2 வயது லாப்ரடார். நகர மையத்துக்குப் போனால் தெருவுக்குத் தெரு நாயோடு உட்கார இடம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வாரமும் அவ்வளவு தூரம் போய்வர முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் நாயையும் கூட்டிப்போய்க் காப்பி குடிக்கும் கஃபேக்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைப் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால் அது நெடுநாள் உதவாது. ஸ்கோஃபீல்ட்ஸ், தி பாண்ட்ஸ், மார்ஸ்டன் பார்க், பாக்ஸ் ஹில் போன்ற வளரும் பகுதிகளில் கஃபேக்கள் அடிக்கடி கை மாறும். முந்தைய உரிமையாளர் வாசலில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பார், புதியவர் நாய் வேண்டாம் என்பார். ஒரு கடையைப் பார்த்ததுமே அது நாய்க்கு ஒத்துவருமா என்று நீங்களே கணிக்கக் கற்றுக்கொள்வதுதான் நிலைக்கும். அதற்கு முதலில் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். கடைக்காரர்கள் "முடியாது" என்று சொல்வதில் பாதி, சட்டத்துக்குப் பயந்து சொல்வது.

வளர்ப்பு விலங்குகளுக்கான 1998ஆம் ஆண்டின் கம்பேனியன் அனிமல்ஸ் சட்டப்படி, பொது இடத்தில் உணவு சமைக்கவோ சாப்பிடவோ அமைத்திருக்கும் வசதியிலிருந்து 10 மீட்டருக்குள் நாய் வரக்கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: திறந்தவெளிச் சாப்பாட்டு இடம். நாய் லீஷில் (பிடிவாரில்) இருக்க வேண்டும், அதைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒருவர் கூடவே இருக்க வேண்டும், நாய் தரையில்தான் இருக்க வேண்டும், அங்கே அதற்குத் தீனி போடக்கூடாது. இவை எல்லாம் சரியாக இருந்தால் சட்டம் தடுக்காது. ஆபத்தான நாய், அச்சுறுத்தும் நாய் என்று அறிவிக்கப்பட்டவற்றுக்கும் தடைசெய்யப்பட்ட இனங்களுக்கும் இந்த விலக்கு கிடையாது. ஆஸ்திரேலிய உணவுத் தரவிதிகளும் திறந்தவெளி இடத்தில் நாயை அனுமதிப்பதைக் கடைக்காரரின் விருப்பத்துக்கே விடுகின்றன. அதாவது அனுமதிக்கலாம், அனுமதித்தே ஆகவேண்டும் என்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய உதவி நாய்களின் கதை வேறு. அவை உள்ளே வாடிக்கையாளர் உட்காரும் இடத்துக்கும் வரலாம். வீட்டு நாய்க்கு அந்த உரிமையைக் கேட்டு வாதாட வேண்டாம்.

இனி, எது "திறந்தவெளி"? இந்த வரையறையில்தான் பெரும்பாலான குழப்பம் நடக்கிறது. மேலே கூரை இருந்தால் மட்டும் அது மூடிய இடம் ஆகிவிடாது. கூரையும் இருந்து, சுற்றிச் சுவரோ சன்னலோ தடுப்போ பெரும்பாலும் அடைத்திருந்தால்தான் மூடிய இடம். தடுப்பு நிரந்தரமாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. தற்காலிகமானது, நகர்த்தக்கூடியது எல்லாம் கணக்கில் வரும். கஃபே வராந்தாக்களில் சுருட்டி ஏற்றும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் திரைகளைப் பார்த்திருப்பீர்கள். அக்டோபரில் திரை மேலே சுருண்டிருக்கும்போது உங்கள் நாய்க்கு இடம் உண்டு. ஜூலையில் குளிர்காற்றுக்கு மூன்று பக்கமும் இறக்கிவிட்டால் அதே மேசை மூடிய இடத்துக்குள் போய்விடும். "போன முறை விட்டீர்களே" என்று கேட்பதற்கு முன் திரையைப் பாருங்கள். குளிர்காலத்தில் திரைக்கு வெளியே நடைபாதை ஓரமாக ஒன்றிரண்டு மேசை போடும் கடைகள்தான் வருடம் முழுவதும் உங்களுக்குப் பயன்படும்.

அடுத்தது வழி. பொதுமக்கள் மூடிய பகுதிக்குள் நுழையாமல் அந்தச் சாப்பாட்டு இடத்துக்கு வர முடியவேண்டும். பின்புறத்தில் மரநிழலோடு அருமையான முற்றம் இருக்கும். ஆனால் கல்லாவையும் உள்மேசைகளையும் கடந்துதான் அங்கே போக முடியும் என்றால் அது கணக்கில் வராது. பக்கவாட்டுச் சந்தில் தனி கேட் இருந்தால் பிரச்சினை இல்லை. பப்களின் பியர் கார்டனுக்கும் இதே சோதனைதான்: தெருவிலிருந்தோ வாகன நிறுத்துமிடத்திலிருந்தோ நேரே திறக்கும் கதவு இருக்கிறதா?

மூன்றாவது, சிறுவர் விளையாட்டு உபகரணத்திலிருந்து 10 மீட்டருக்குள்ளும் நாய் வரக்கூடாது. புதுப்பேட்டைகளில் (புதிய குடியிருப்புப் பகுதிகளில்) குழந்தைகளை ஊஞ்சலில் விட்டுவிட்டுப் பெற்றோர் காப்பி குடிக்க வசதியாகக் கஃபேயைப் பூங்காவை ஒட்டியே கட்டுகிறார்கள். அங்கே பூங்காப் பக்க மேசை நாய்க்குச் சரிவராது. அடுத்த பக்கத்து மேசையைக் கேளுங்கள். 10 மீட்டர் என்பது பெரியவர் நடையில் சுமார் 13, 14 அடி எடுத்துவைக்கும் தூரம்.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தால் எங்கே தேடுவது என்பது தானே தெளிவாகும். ஸ்டான்ஹோப் கார்டன்ஸ், பிளாக்டவுன் போன்ற இடங்களின் மூடிய ஷாப்பிங் சென்டர்களுக்குள் இருக்கும் கஃபேக்களை முழுதாக விட்டுவிடலாம். நடைகூடத்தில் மேசை போட்டிருந்தாலும் அது கட்டடத்துக்கு உள்ளே இருப்பதுதான். கவுன்சில் தடை அறிவிப்பு வைத்த ஷாப்பிங் சென்டர்களில் வாகன நிறுத்துமிடமும் அந்தத் தடைக்குள் வரக்கூடும், நுழைவில் பலகையைப் படியுங்கள். ரௌஸ் ஹில் டவுன் சென்டர் மாதிரி திறந்த தெருக்களாகக் கட்டப்பட்ட இடம் வேறு வகை. அங்கே வெளிமேசைகள் உண்மையிலேயே வெளியில் இருக்கின்றன. ஆனால் தெருபோலத் தெரிந்தாலும் அது தனியார் இடம், நிர்வாகத்தின் விதிதான் செல்லும். ஒருமுறை தகவல் மேசையில் கேட்டுவிட்டால் போதும்.

என் கணிப்பில் மிக நம்பகமானவை பழைய ரயில் நிலையங்களை ஒட்டிய கடைவரிசைகள். ரிவர்ஸ்டோன், குவேக்கர்ஸ் ஹில், செவன் ஹில்ஸ், இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால் வின்ட்சர். கடை முகப்பிலிருந்து நடைபாதைக்கு மேலே நீளும் பழைய பாணி தகரக் கூரை, கீழே நாலைந்து மேசை, மூன்று பக்கமும் திறந்தவெளி. சட்டம் கேட்பது எல்லாம் அங்கே இயல்பாகவே இருக்கிறது, நிழலும் உண்டு. புதுப்பேட்டைக் கஃபேக்களில் இடம் தாராளம், ஆனால் மரங்கள் இன்னும் இடுப்பு உயரம்தான். நிழலுக்குக் குடையை நம்பவேண்டும், காற்றடித்தால் குடையை மடக்கிவிடுவார்கள். தொழிற்பேட்டைகளில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடைகள் நல்ல காப்பி தரும். ஆனால் ஷட்டர் முழுதாகத் திறந்திருந்தாலும் கூரையும் மூன்று சுவரும் உள்ள கூடம் உள்ளிடம்தான். வெளியே பெஞ்ச் இருந்தால் மட்டும் போங்கள். பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கத்து நம்மவர் சாப்பாட்டுக் கடைகளில் வெளிமேசை குறைவு, கூட்டம் அதிகம், நாயைக் கண்டால் ஒதுங்கும் பெரியவர்களும் குழந்தைகளும் வருவார்கள். அங்கே பார்சல் வாங்குவதே எல்லோருக்கும் நிம்மதி.

வீட்டிலிருந்தே பாதி வேலையை முடிக்கலாம். கூகுள் மேப்ஸில் கடையைப் பற்றிய பகுதியில் நாய்க்கு அனுமதி என்று குறித்திருக்கும். அதை ஒரு தடயமாக மட்டும் கொள்ளுங்கள். வருடக்கணக்கில் யாரும் திருத்தாமல் கிடக்கலாம். அதைவிட, விமர்சனங்களுக்குள் தேடும் பெட்டியில் நாய், பப்பி போன்ற சொற்களை ஆங்கிலத்தில் தட்டி, புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்திப் படியுங்கள். கடந்த 6 மாதத்துக்குள் யாராவது நாயோடு உட்கார்ந்ததாக எழுதியிருந்தால் அது வலுவான சான்று. படங்களில் வாடிக்கையாளர் போட்டவற்றைப் பாருங்கள், கடைக்காரர் போட்டவற்றில் காப்பிக் கோப்பைதான் இருக்கும். பிறகு ஸ்ட்ரீட் வியூவில் வாசலுக்குப் போய் நில்லுங்கள்: வெளிமேசை எத்தனை, நடைபாதை எவ்வளவு அகலம், மேசைக்கும் வாகனம் நிறுத்தும் இடத்துக்கும் நடுவே ஏதாவது தடுப்பு உண்டா, கடை எந்தத் திசையைப் பார்க்கிறது.

திசை முக்கியம். மேற்குப் பார்த்த கடையின் வாசலில் காலை முழுவதும் கட்டடத்தின் நிழலே விழும். கிழக்குப் பார்த்த கடையில் காலை வெயில் நேரே மேசைக்கடியில் வரும். குளிர்காலத்தில் அது சுகம், கோடையில் நாய்க்குத் தண்டனை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களுக்கு இங்கே ஒன்று பிடிபடக் கொஞ்சநாள் ஆகும்: தென்னரைக்கோளத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும், ஆகவே வடக்குப் பார்த்த வாசல்தான் நாள்முழுக்க வெயில் வாங்கும். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால் உச்சிவெயில் கிட்டத்தட்ட பிற்பகல் 1 மணிக்குத்தான் வரும், சூடு அதற்கும் பிறகு ஏறும். கடற்காற்று எட்டாத மேற்குப் புறநகரில் இது சாதாரண விஷயம் இல்லை. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. கோடையில் காலை 9 மணிக்குள் போய்த் திரும்பிவிடுங்கள். நடைபாதையில் புறங்கையை வைத்து 5 முதல் 7 விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது தாங்காது. பிளாஸ்டிக் புல் விரித்த முற்றங்கள் பச்சையாக இருப்பதால் குளிர்ச்சி என்று தோன்றும். வெயிலில் அவை தார்ச்சாலை போலவே கொதிக்கும். பக், ஃப்ரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பைமூக்கு நாய்களுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இடம் கிடைக்கவில்லை என்று நாயைக் காருக்குள் விட்டுவிட்டுக் காப்பி வாங்கப் போவது எந்த மாதத்திலும் கூடாது.

போகும் முன் தொலைபேசியில் கேட்பது நல்லது. ஆனால் "நாய்க்கு அனுமதி உண்டா" என்று மட்டும் கேட்டால் "உண்டு" என்பார்கள். போய்ப் பார்த்தால் வெளியே இருப்பது ஒரே மேசை, அதிலும் ஆள் இருக்கும். இப்படிக் கேளுங்கள்: வெளியே எத்தனை மேசை? உள்ளே வராமல் அங்கே போகலாமா? இன்று திரை இறக்கியிருக்கிறதா? மேசையிலிருந்தே ஆர்டர் செய்யலாமா? கடைசிக் கேள்வியைத் தனியாகப் போகிறவர்கள் மறக்கக்கூடாது. கல்லா உள்ளே, நாய் வெளியே, ஆள் ஒருவர் என்றால் என்ன செய்வீர்கள்? கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே போனால் நாய் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. சட்டப்படியும் அது தவறு, பதறும் நாய்க்கும் அது கொடுமை. மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டில் ஆர்டர் எடுக்கும் கடை, அல்லது தெருப்பக்கம் சன்னல் வைத்து விற்கும் கடை, தனியாளுக்கு ஏற்றது. வாரநாளில் 9.30 முதல் 11 வரை வேலைக்குப் போகிறவர்கள் கூட்டம் வடிந்திருக்கும். முதல்முறை போக அதுவே நல்ல நேரம். புறநகரில் பல கஃபேக்கள் பிற்பகல் 2 மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடும்.

உட்காரும்போது கோடியில் உள்ள மேசையை எடுங்கள், நாயின் முதுகுப் பக்கம் சுவர் இருக்கட்டும். கதவோரம், தள்ளுவண்டி திரும்பும் இடம், பணியாளர் தட்டோடு வரும் வழி மூன்றையும் தவிர்த்துவிட்டால் பாதிச் சிக்கல் வராது. லீஷ் 1.2 முதல் 1.5 மீட்டர் நீளமுள்ள சாதாரண வார் போதும். இழுக்க இழுக்க நீளும் லீஷ் கஃபேயில் வேண்டாம்: மெல்லிய கயிறு நாற்காலிக் கால்களைச் சுற்றும், சூடான காப்பியோடு வருபவரின் காலைத் தடுக்கும். லீஷை மேசையிலோ நாற்காலியிலோ கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கஃபேக்களின் அலுமினிய நாற்காலிக்கு எடையே கிடையாது. 30 கிலோ லாப்ரடார் ஒரு மைனாவைக் கண்டு எழுந்தால் நாற்காலியும் பின்னாலேயே கடகடவென்று வரும். அந்தச் சத்தத்துக்கு நாய் இன்னும் மிரண்டு ஓடும், நேரே சாலைக்கு. கைப்பிடி வளையத்தை உங்கள் மணிக்கட்டில் மாட்டி, வாரின் நடுப்பகுதியைக் காலடியில் மிதித்துக்கொள்ளுங்கள். நாய் எழுந்து திரும்பிப் படுக்கும் அளவு மட்டும் தளர்வு போதும்.

தீனி விஷயம் பலருக்குத் தெரியாது. நாய்க்கென்று சிறு கோப்பையில் நுரைத்த பால் விற்கும் கடைகள் உண்டு. பப்புச்சினோ என்று பெயர். வாங்கலாம். ஆனால் அதை மேசையடியில் கொடுப்பது மேலே சொன்ன விலக்கின் நிபந்தனையை மீறுவதாகும். எடுத்துக்கொண்டு சாப்பாட்டு இடத்தைத் தாண்டிப் போய்க் கொடுங்கள். பழக்குவதற்காகத் தரும் சிறு பிஸ்கட்டுக்கும் இதுவே பொருந்தும். தண்ணீருக்குத் தடை இல்லை. ஆனால் பொதுக் கிண்ணத்தை நம்பாமல் மடக்கும் கிண்ணம் ஒன்றைக் கூடக் கொண்டுபோங்கள். நாய்களுக்குள் தொற்றும் இருமல் பொதுத் தண்ணீரிலும் பரவும். ஆண்டுத் தடுப்பூசியில் சி3 மட்டும் போட்டிருந்தால், கஃபேக்கும் நாய்ப் பூங்காவுக்கும் போகும் நாய்க்கு சி5 பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அந்த இருமலுக்கான பாதுகாப்பு அதில்தான் சேர்கிறது. தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைப் பலநாய் நடமாடும் தரையில் இறக்கவே வேண்டாம், பார்வோ என்ற வைரஸ் தொற்று இந்தப் பக்கங்களில் இன்னும் உயிர் வாங்கும் நோய்.

மேசைக்கடியில் உட்காருவதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள். முந்தையவர் சிந்தியது அங்கே கிடக்கும். இந்த ஊர் கஃபேக்களின் காலையுணவில் நாய்க்கு நஞ்சாவது பல: உலர்திராட்சை ரொட்டி, சாக்லெட், மக்கடேமியாக் கொட்டை போட்ட வாழைப்பழ ரொட்டி, வதக்கிய வெங்காயம். சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் இவற்றைவிடக் கொடியது. லாப்ரடார் ஒரே வாயில் விழுங்கிவிடும், தோண்டி எடுக்க நேரம் தராது. விழுங்கியது தெரிந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். என்ன, எவ்வளவு, நாயின் எடை எவ்வளவு என்ற மூன்றும் கையில் இருந்தால் அவர்கள் விரைவாக முடிவெடுப்பார்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நாய் 5 நிமிடம் அடங்கி உட்காரவில்லை என்றால் கடையைக் குறைசொல்லிப் பயனில்லை. வீட்டில் ஒரு சிறு பாயை விரித்து, அதில் படுத்தால்தான் பிஸ்கட் என்று பழக்குங்கள். முதல் வாரம் 2, 3 நிமிடம். பிறகு நீங்கள் சாப்பிடும்போது 10 நிமிடம். பிறகு வீட்டு வாசலில், வண்டிச் சத்தம் கேட்கும் இடத்தில். 20 நிமிடம் தாங்கும்போது அதே பாயைக் கஃபேக்குக் கொண்டுபோங்கள். தீனி தர முடியாத இடத்தில் அந்தப் பாய்தான் நாய்க்கு "இங்கே படு" என்று சொல்லும். புறப்படும் முன் அரை மணி நேரம் நன்றாக நடக்க வையுங்கள், முகர்ந்து திரிய விடுங்கள். முதல் மூன்று முறை காப்பி மட்டும் வாங்குங்கள், அதுவும் காகிதக் கோப்பையில். நாய் பொறுமை இழந்தால் அப்படியே எழுந்து போகலாம். முட்டையும் வாட்டிய ரொட்டியும் ஆர்டர் செய்துவிட்டுக் குரைக்கும் நாயோடு 25 நிமிடம் காத்திருப்பது எல்லோருக்கும் வேதனை.

பக்கத்து மேசையில் யாராவது நாற்காலியைத் தள்ளிப் போட்டாலோ குழந்தையை மறுபக்கம் மாற்றினாலோ, "ஒன்றும் செய்யாது" என்று சொல்லாதீர்கள். பயந்தவருக்கு அந்த வார்த்தை உதவாது. மேசை மாறுங்கள், இல்லையென்றால் நாயைச் சுவருக்கும் உங்கள் காலுக்கும் நடுவே கொண்டுவாருங்கள்.

இடமே கிடைக்காத நாளுக்குப் பார்சல் காப்பியும் பூங்காவும் இருக்கின்றன. டூன்சைடில் பங்கரிபீ பூங்காவில் லீஷைக் கழற்றி ஓடவிட வேலியிட்ட பகுதி உண்டு. ரௌஸ் ஹில் ரீஜனல் பார்க்கில் லீஷோடு நடக்கலாம். பெயரில் நேஷனல் பார்க் என்று இருந்தால் நாயோடு கிளம்பாதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் ஸ்கைவில், கட்டாய் இரண்டும் அந்த வகை. பென்ரித்தில் நெப்பியன் ஆற்றங்கரை நடைபாதை நீண்டது. யாந்தாய் பாலத்தைக் கடந்து சுற்றிவந்தால் சுமார் 7 கிலோமீட்டர், கோடையில் நாய்க்கு அது அதிகம். எந்தப் பூங்காவிலும் அந்த 10 மீட்டர் விதி கூடவே வரும்: பார்பிக்யூ அடுப்புக்கும் சாப்பாட்டு மேசைக்கும் பக்கத்தில் நாயோடு உட்காரக்கூடாது. தள்ளிப்போய்ப் புல்லில் விரிப்புப் போட்டு உட்காருங்கள்.

வாசலைத் தாண்டும் முன் கழுத்துப்பட்டையைப் பாருங்கள். நாயின் பெயரும் உங்கள் முகவரி அல்லது தொலைபேசி எண்ணும் உள்ள தகடு இங்கே கட்டாயம். மைக்ரோசிப்பில் பழைய வீட்டு முகவரியே இருந்தால் நியூ சவுத் வேல்ஸ் பெட் ரெஜிஸ்ட்ரியில் புதுமுகவரியை மாற்றிவிடுங்கள். புதுவீட்டுக்கு வந்தவர்கள் மறப்பது இதைத்தான். மிரண்டு ஓடிய நாயைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு உங்களைத் தேட அந்தப் பதிவு வேண்டும்.